அனலைதீவுக் கடலில் கேட்ட வாளிச் சத்தம்

பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழுந்து போய்விடுகிறவன் நான். முனி உலாவுகிறது என்று ஊரே பயந்த பனங்காணிக்குள்ளால் வேண்டுமென்றே சைக்கிளில் போய்வந்து, அதை அடுத்த நாள் வகுப்பில் சொல்லிச் சிரித்தவன். பௌதிகம் படிப்பித்த வாத்தியார். எதற்கும் ஒரு காரணம் இருக்கும், காரணம் பிடிபடாவிட்டால் எங்கள் அறிவு போதாது என்றுதான் அர்த்தம் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லியே ஓய்வு பெற்றேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன், இந்த ஒரு விஷயத்தைத் தவிர. இது இருட்டில் நடந்ததும் அல்ல. பட்டப்பகலில், கண் கூசுகிற வெயிலில் நடந்தது. நம்புவதும் விடுவதும் உங்கள் பாடு. வேறு யாராவது சொல்லியிருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன்.

என் மனைவியைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். தவமணி பருத்தித்துறைக்காரி. தகப்பன், பாட்டன் எல்லோரும் கடலோடிகள். நான் சண்டிலிப்பாயில் புகையிலையும் வெங்காயமும் செய்த தோட்டக்காரக் குடும்பம். ஆசிரியர் பயிற்சியில் சந்தித்து, விரும்பிக் கட்டினோம். என் பக்கத்தில் பாதிப் பேர் கலியாணத்துக்கு வரவில்லை. கட்டுவதற்கு எனக்குத் துணிச்சல் இருந்தது, பெருமையாகவே சொல்வேன். கட்டிய பிறகு அந்தத் துணிச்சல் எங்கே போனதோ தெரியாது. கடற்கரையில் பெண் எடுத்த தோட்டக்காரன் என்ற ஊர்க்கதைக்குப் பயந்து, அவளைச் சண்டிலிப்பாய்ப் பெண்ணாக ஆக்கிவிடப் பார்த்தேன். அவளும் வாய் திறக்காமல் அதற்குச் சம்மதித்துக்கொண்டு போனாள். கலியாணத்துக்குப் பிறகு அவள் கடலில் கால் நனைத்ததில்லை.

அவர்கள் வீட்டில் ஒரு பழக்கம் இருந்தது. கடலில் நீந்துகிற பிள்ளைகளைத் தகப்பன் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார், காற்று பெயரைக் கொண்டுபோய்விடும் என்பார். வள்ளத்தின் பக்கப் பலகையில் துடுப்பின் பிடியால் தட்டுவார். நிதானமாக இரண்டு, கொஞ்சம் விட்டு ஒன்று. கேட்ட பிள்ளை அதேபோல உள்ளங்கையால் தண்ணீரில் திருப்பித் தட்ட வேண்டும். தட்டும்வரை அவர் விடமாட்டார், பதில் வரவில்லை என்றால் பிள்ளைக்கு ஏதோ நடந்துவிட்டது என்று கணக்கு.

சண்டிலிப்பாய்க்கு வந்த புதிதில் தவமணி என்னைச் சாப்பிடக் கூப்பிடுவதும் அப்படித்தான். கிணற்றடியில் தகர வாளியைக் கவிழ்த்துவைத்துக் கையால் தட்டுவாள். அந்த வாளியின் கைபிடி கழன்று ஆடுகிற கைபிடி, ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் கிண் என்று ஒரு சின்னச் சத்தம் வரும். எனக்குக் கேட்கும், எழுந்து போவேன், ஆனால் திருப்பித் தட்ட மாட்டேன். வருகிறேனே, பிறகென்ன தட்டு? நான் போய் முன்னால் நிற்கும்வரை அவள் தட்டிக்கொண்டே இருப்பாள். ஒருநாள் பக்கத்து வீட்டுப் பரமேசு அக்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, “என்ன மாஸ்டர், உங்கடை வீட்டிலை கொடியேற்றமே?” என்று கேட்டுவிட்டா. எனக்கு முகம் சுருங்கிப் போயிற்று.

“இஞ்சாரும், இது பருத்தித்துறை இல்லை. உந்தத் தட்டலை விட்டிடும்,” என்றேன்.

அவள் வாளியை நிமிர்த்தி வைத்தாள். அதன் பிறகு அந்தச் சத்தம் எங்கள் வீட்டில் கேட்கவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு சித்திரை விடுமுறைக்கு அவளுடைய தம்பி இராசன் வந்தான். அவன் கிரேக்கக் கப்பலில் வேலை செய்தவன். வந்த அன்றே தொடங்கிவிட்டான்.

“அத்தான், கிரேக்கத்திலை வெள்ளைக்காரர் காலமை வள்ளத்திலை ஏறினா பொழுதுபடத்தான் இறங்குவினம். தீவு தீவா நிப்பாட்டிக் குதிக்கிறது, சாப்பிடுறது, திரும்பக் குதிக்கிறது. அந்தக் கடல் எங்கடை கடலிலும் பார்க்க ஒண்டும் வடிவில்லை. எங்களுக்கென்ன தீவு இல்லையே?”

எனக்கும் ஆசை பிடித்துக்கொண்டது. நான் தோட்டக் கிணற்றில் நீந்தப் பழகியவன், கீரிமலைக் கேணியை ஒரே மூச்சில் குறுக்கே கடப்பவன் என்று பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொல்லிவைத்திருந்தேன். கணிதம் படிப்பித்த செல்வரத்தினம் மாஸ்டரையும் கூட்டிக்கொண்டு போவதென்று முடிவாயிற்று. அவருக்கு நீச்சல் தெரியாது. மிதக்க லொறி ரியூப் ஒன்றும் வெயிலுக்குக் குடையும் கொண்டுவருவதாகச் சொன்னார்.

புறப்படுவதற்கு முதல் நாள் தவமணி புட்டுக்கு மா வறுத்துக்கொண்டிருந்தவள், என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

“நானும் வரட்டே?”

“ஆம்பிளையள் குளிக்கிற இடத்திலை நீர் என்னத்துக்கு?”

“அத்தான், அக்கா இறங்கினா நாங்கள் எல்லாரும் வள்ளத்திலை இருந்து வாய் பார்க்க வேண்டியதுதான்,” என்றான் இராசன் சிரித்துக்கொண்டு. அந்தப் பேச்சு எனக்குப் பிடிக்கவில்லை. செல்வரத்தினம் மாஸ்டருக்கு முன்னால் என் மனைவி கடலில் நீந்துவதா என்று மனம் அதிலேயே நின்றது. அவளும் திரும்பக் கேட்கவில்லை. விடிய எழும்பிப் புட்டும் கணவாய்ப் பிரட்டலும் ஓலைப் பெட்டியில் கட்டித் தந்தாள்.

ஊர்காவற்றுறையில் ஏறினோம். இயந்திரம் பூட்டிய வள்ளம், இராசனே ஓட்டினான். கடற்கோட்டையைத் தாண்டியதும் கடல் தட்டில் ஊற்றிய எண்ணெய் மாதிரிக் கிடந்தது, தென்மேற்கிலிருந்து அடிக்கிற சோழகக் காற்றுத் தொடங்காத காலம். எழுவைதீவுப் பனைகளுக்கு நேரே முதலில் குதித்தோம். தண்ணீருக்குள் என் கால்விரல்களை நானே பார்க்கக்கூடியதாக இருந்தது. செல்வரத்தினம் மாஸ்டர் ரியூப்புக்குள் இருந்துகொண்டு குடையும் பிடித்தார், இராசன் அவரைச் சுற்றிச் சுற்றி நீந்தி, “சேர், இந்த வட்டத்தின்ரை பரப்பளவு என்ன?” என்று கேட்க, எனக்குச் சிரித்துச் சிரித்து மூக்கால் உப்புத் தண்ணீர் போயிற்று. பிறகு அனலைதீவுக் கரையில் ஒரு குளிப்பு. அங்கேயே சாப்பாடு. உண்மையைச் சொன்னால், என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமான பகல்கள் அதிகம் இல்லை.

சாப்பிட்ட பின் நயினாதீவுப் பக்கமாகக் கொஞ்சத் தூரம் போய் நங்கூரம் போட்டோம். இராசன் உறங்கப் படுத்தான். படுக்க முன், “அத்தான், கிட்டடியிலை நில்லுங்கோ. களைச்சா எட்டிப் பிடிக்கிறதுக்குக் கடலுக்குக் கிணத்துக் கட்டு இல்லை,” என்றான். எனக்கு ரோசம் வந்துவிட்டது. செல்வரத்தினம் மாஸ்டர் பார்த்துக்கொண்டிருக்க, நீட்டி நீட்டிக் கை போட்டுப் போனேன். நன்றாகத்தான் நீந்தினேன். எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று எனக்கே வியப்பாக இருந்தது.

திரும்பிப் பார்த்தால் வள்ளம் தீப்பெட்டி அளவு.

நங்கூரம் கழன்று வள்ளம் ஓடுகிறது என்றுதான் நினைத்தேன். கிணற்றில் பழகினவனுக்கு அதற்கு மேல் தோன்றாது. கிணற்றுத் தண்ணீர் ஆளை எங்கேயும் கொண்டுபோகாது. ஓடியது வள்ளம் அல்ல, நீரோட்டத்தோடு நான். வள்ளத்தைப் பார்த்து மாய்ந்து மாய்ந்து நீந்தினேன், அது இன்னும் சின்னதாகியது. கத்தினேன். தவமணி வீட்டார் சொன்னது சரி, குரல் எங்கும் போகவில்லை. தோள் இரண்டும் கல்லாகிவிட்டன. இரண்டு தரம் தண்ணீர் குடித்தேன். இனி முடியாது என்று அமைதியாக ஒரு நினைப்பு வந்தது, அந்த அமைதிதான் இப்போது நினைத்தாலும் பயம்.

அப்போதுதான் கேட்டது. இரண்டு. கொஞ்சம் விட்டு ஒன்று.

காதுக்குள் இரத்தம் அடிக்கிறது என்று நினைத்தேன். தலை தண்ணீருக்குள் போனபோது இன்னும் தெளிவாகக் கேட்டது. பலகைச் சத்தம் இல்லை, தகரச் சத்தம். ஒவ்வொரு தட்டுக்கும் பின்னால் கிண் என்று கைபிடி ஆடியது. எங்கள் வீட்டு வாளி. சத்தம் வந்தது வள்ளத்தின் பக்கமிருந்து அல்ல, எனக்குப் பின்னாலிருந்து. திரும்பிப் பார்த்தேன், வெறும் கடல், வெயில், வேறொன்றும் இல்லை.

கண்ணுக்குத் தெரிகிற வள்ளத்தை விட்டு ஒன்றுமே தெரியாத பக்கம் போ என்று நான் படித்த படிப்பு எதுவும் சொல்லாது. நான் போனேன். ஏன் என்று கேட்காதீர்கள். சத்தத்தைப் பார்த்துக் கை போட்டேன், அது நிற்கவேயில்லை. கை ஓயும் நேரம் கால் பெருவிரலில் மணல் பட்டது.

நடுக்கடலில் மணல் திட்டு. எழுந்து நின்றேன், தண்ணீர் நெஞ்சளவு. அந்தச் சத்தம் அப்போதும் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கி உள்ளங்கையால் தண்ணீரில் தட்டினேன். இரண்டு, விட்டு ஒன்று. கலியாணம் கட்டி அத்தனை காலத்தில் நான் திருப்பித் தட்டியது அதுதான் முதல் தரம்.

சத்தம் நின்றது.

செல்வரத்தினம் மாஸ்டர் உலுக்கி எழுப்ப, இராசன் வள்ளத்தைக் கொண்டுவந்தபோது இயந்திர விசிறி மணலில் உரசிக் கத்தியது. அவன் இயந்திரத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான், முகத்தில் இரத்தம் இல்லை.

“அத்தான், உதிலை திட்டு இருக்கெண்டு உங்களுக்கு ஆர் சொன்னது? எனக்கே தெரியாது.”

“நாங்கள் நினைச்சம், மாஸ்டர் நயினாதீவுக் கோயிலுக்கு நீந்திப் போறாரெண்டு,” என்றார் செல்வரத்தினம் மாஸ்டர். பகிடிதான், சொல்லிக்கொண்டே என் தோளைப் பிடித்து வள்ளத்தில் ஏற்றினார். நான் வாளியைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. தண்ணீரில் தட்டியதையும் சொல்லவில்லை. இதை நன்றாக நினைவில் வையுங்கள்.

பொழுதுபட வீட்டுக்கு வந்தேன். வாசல் படலையிலேயே பரமேசு அக்கா பிடித்துக்கொண்டா.

“மாஸ்டர், உங்கடை மனிசிக்கு என்ன? மத்தியானம் வாளியைப் போட்டு அடிச்ச அடியிலை என்ரை பேரப்பிள்ளை நித்திரையாலை எழும்பிக் கத்தினவன். நான் வந்து கூப்பிடுறன், திரும்பியும் பார்க்கேல்லை!”

தவமணி குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் வலது கையை உப்புத் தண்ணீருக்குள் வைத்துக்கொண்டு இருந்தாள். உள்ளங்கை சிவந்து வீங்கியிருந்தது.

“ஏன் தட்டினனீர்?”

“தெரியேல்லை. சோறு வடிச்சுக்கொண்டு நிண்டனான், உங்களைக் கூப்பிட வேணும் போலை கிடந்தது. நீங்கள் வேண்டாமெண்டு சொன்னது ஞாபகம் வந்ததுதான். எண்டாலும் கை நிக்கேல்லை.”

“பிறகு ஏன் விட்டனீர்?”

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

“நீங்கள் திருப்பித் தட்டினனீங்கள்தானே.”

இதற்கு விளக்கம் தேடாமல் விட்டேன் என்று நினைக்க வேண்டாம். எங்கள் நிலம் முழுக்கச் சுண்ணாம்புக் கல், கிணறுகளுக்கும் கடலுக்கும் அடியால் தொடர்பு உண்டு என்பார்கள், தண்ணீரில் ஒலி வேகமாகப் போகும், அப்படி இப்படி என்று எத்தனையோ தாள் கிறுக்கிப் பார்த்தேன். ஒன்றும் ஒத்துவரவில்லை. வாளிச் சத்தம் அங்கே வந்ததென்றே வைத்துக்கொள்வோம். என் உள்ளங்கை நெஞ்சளவு தண்ணீரில் தட்டிய சத்தம் சண்டிலிப்பாய்க்கு எப்படிப் போனது?

அடுத்த ஞாயிறு அதே வள்ளத்தில் அவளையும் ஏற்றினேன். செல்வரத்தினம் மாஸ்டரையும் வரச் சொன்னேன், வேண்டுமென்றேதான். தம்பியின் சட்டையும் பழைய பாவாடையுமாக, நாங்கள் அன்று நங்கூரம் போட்ட அதே இடத்தில் அவள் குதித்தாள். கடவுளே, அதை நீந்துவது என்று சொல்வதா? தண்ணீர் அவளுக்கு வழிவிட்டது. என்னைக் கொண்டுபோன அதே நீரோட்டத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போய்த் திட்டில் ஏறி நின்று, தலைமயிரைப் பிழிந்துகொண்டு சிரித்தாள். நான் வள்ளப் பலகையில் தட்டினேன். அவள் தண்ணீரில் திருப்பித் தட்டினாள். செல்வரத்தினம் மாஸ்டர் குடையை மடக்கி வைத்துவிட்டு, “மாஸ்டர், உங்களுக்கு நீந்தப் பழக்குறதுக்கு வீட்டிலையே ஆள் இருந்திருக்கு,” என்றார். “ஓம், அவ பருத்தித்துறை!” என்றேன், கடலுக்கே கேட்கும்படி. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை வேறெதிலும் வந்ததில்லை. ஊர் என்னென்னவோ கதைத்தது. நன்றாகக் கதைக்கட்டும் என்று விட்டேன்.

அந்த ஆடி மாதக் கலவரத்தோடு எல்லாம் மாறிவிட்டது. கடல் உல்லாசமாகப் போகிற இடமாக இருக்கவில்லை. அவளுக்கு நான் கொடுத்தது அந்த ஒரு ஞாயிறு மட்டும். அதற்கு முன்னால் வீணாகப் போன ஆண்டுகளுக்கு வேறு யாரையும் குறை சொல்ல முடியாது, என்னைத்தான்.

ஆனால் அன்றிலிருந்து அவள் தட்டினால் நான் மேசையில் பேனையால் திருப்பித் தட்டிவிட்டுத்தான் எழும்புவேன். தொண்ணூற்றைந்தில் சண்டையால் இடம்பெயர்ந்து கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் கிடந்தபோது வாளி இல்லை, பால்மா ரின்னில் தட்டினாள். திரும்பி வந்து பார்த்தபோது வீட்டில் கூரையும் இல்லை, கிணற்றடியில் வாளியும் இல்லை.

தவமணி கண்மூடிச் சில வருடங்களாகிறது. கிணற்றுக்கு இப்போது வலை போட்டு மூடி, மோட்டர் பூட்டியிருக்கிறது. வீட்டில் தகர வாளியே கிடையாது. ஆனால் சில நாட்களில், வெயில் உச்சிக்கு வருகிற நேரம், கிணற்றடியிலிருந்து கேட்கிறது. இரண்டு, விட்டு ஒன்று. பின்னால் அந்தக் கைபிடியின் கிண். சமைக்க வருகிற பிள்ளையைக் கேட்டேன், தனக்கு ஒன்றும் கேட்கவில்லை என்கிறது.

இன்றைக்கும் கேட்டது. நெடுநேரம் கேட்டது. அவளுக்குக் கை வீங்கியிருக்கும் என்று நினைத்தேன். பேனை கையில்தான் இருந்தது, மேசையும் முன்னால்தான். திருப்பித் தட்டினால் நிறுத்திவிடுவாள். நான் தட்டவில்லை.