கிணற்றுக்கு இன்னும் எத்தனை செருப்பு?

‘கரை’ மௌத்து.

இறந்துபோனது நேரில் ஒருநாளும் கண்டிராத ஆள்... ஆனால் இரண்டு வருஷமாகக் காலையில் கண் விழித்ததும் நான் முதலில் தேடியது அந்த ஆளைத்தான்.

‘கரை’ என்பது ஒரு பேஸ்புக் ஐடி. முகமும் இல்லை, சொந்தப் பெயரும் இல்லை. விடிந்ததும் ஒலுவில் ஊர்க் கரையிலிருந்து ஒரு படம் வரும். கடல் அரித்த விளிம்பிலிருந்து ஒரு பழைய கிணறு வரைக்கும் செருப்பு வைத்து வைத்து அளந்திருப்பார். மணலில் ஒரு நீல ரப்பர் செருப்பு, கீழே ஒரு எண். அவ்வளவுதான்.

நான் முதல் கண்ட நாள் நாற்பத்தொன்று. வேலை இல்லாமல் நிந்தவூரில் போனைத் தடவிக்கொண்டு கிடந்த காலம். யாரையாவது சீண்ட வேண்டும் போலிருந்தது. “அளக்கிற நாடா வாங்க வழியில்லையா காக்கா?” என்று எழுதினேன். காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன்.

“நாடாவ காத்து தூக்குது தம்பி. செருப்பு வெச்ச இடத்தில கிடக்கும்.”

அன்றைக்கே பொலோ பண்ணினேன்.

கொமெண்டில் எப்போதும் அதே ஆட்கள். பாண்டிருப்பிலிருந்து சிவா அண்ணன், கடலுக்குப் போகிறவர். கட்டாரிலிருந்து இம்தியாஸ், ஒலுவில்காரர். “காக்கா, எங்கட மதில் நிக்குதா?” இது இம்தியாஸின் தினக் கேள்வி. அடுத்த படம் அந்த மதிலாக இருக்கும்.

நாங்கள் ஒருவரையொருவர் கண்டதில்லை. ஆனால் சிவா அண்ணன் இரண்டு நாள் காணாமல் போனால் “போட் கரைக்கு வந்திட்டா?” என்று யாராவது கேட்பார்கள். என் தெருவில் என்னை அப்படிக் கேட்க ஒருவரும் இல்லை.

ஒருநாள் எவனோ வந்து சிவா அண்ணனின் சமயத்தை இழுத்து அசிங்கமாக எழுதினான். வேறு பேஜ் என்றால் ஒரு கலவரமே ஓடியிருக்கும், நம் ஊர்ப் பேஜ்கள் பிழைப்பதே அதில்தானே. கரை ஒரு வரிதான் எழுதினார்: “இஞ்ச செருப்பு கரைய அளக்க மட்டும்தான். வேற தேவைக்கு எடுக்க வெச்சிராதீங்க.”

“ஓம் காக்கா, ஆளுக்கு அளவு சரியாத்தான் வரும்” என்றார் சிவா அண்ணன். வந்தவன் ஓடிவிட்டான்.

போன வருஷம் நான் இன்பொக்ஸில் கேட்டேன். “நாளைக்கு வாறன் காக்கா. கரையில ஒரு பிளேன்டீ குடிப்பம்.”

“வராதீங்க தம்பி. நீங்க வந்தா மறுகா எனக்கு கரைக்கு வர ஏலாமப் போயிடும்.”

பெரிய ஆள் என்ற நினைப்பு என்று எனக்குக் கோபம். ஒரு கிழமை லைக் கூடப் போடவில்லை.

கடல் அரிப்பைத் தடுக்கக் கல் போடுவோம் என்று சொல்லிக் கரையில் நின்று படம் எடுத்தவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் படத்தில் அவர்கள் சிரிப்பு. கரையின் படத்தில் எண்... இருபது. பதினாறு. பதின்மூன்று.

பதின்மூன்றோடு நின்றது.

மூன்று நாள் பார்த்துவிட்டு எழுதினேன். “என்ன காக்கா, நித்திரயா? கடல் லீவு எடுக்காது.”

பதில் வந்தது. “இது எங்கட உம்மாட போன். உம்மா திங்கக்கிழம மௌத்தாகிட்டா. மையித்து வீட்டில போன் அடிச்சிக்கிட்டே இரிக்கி. நீங்கெல்லாம் ஆரு?”

உம்மா.

இரண்டு வருஷமாக அந்தச் செருப்பைப் பார்த்தோம். எவ்வளவு சின்னச் செருப்பு! ஒருவருக்கும் உறைக்கவில்லை. கரையில் நின்று எழுதுகிறவர் என்றால் காக்காதான். ராத்தா என்று, ஓர் அக்காவாக இருக்கலாம் என்று ஒரு தடவை, ஒரே ஒரு தடவை யாராவது நினைத்தோமா?

ஊர்ப் பேஜ் ஒன்றில் அந்த மரணத்தின் ஜனாஸா அறிவித்தலைத் தேடிப் பிடித்தேன். இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய். பெயர் இல்லை. முகத்துக்குப் பதில் ஒரு ரோஜாப் பூ. கீழே கொமெண்டுகளில் என்னுடையதும் இருந்தது. திங்கட்கிழமையே ‘இன்னா லில்லாஹி’ என்று கொப்பி பேஸ்ட் பண்ணிவிட்டுக் கடந்து போயிருக்கிறேன்.

மகனோடு போனில் கதைத்தேன்.

“உம்மா மீன் வாங்கப் போறா எண்டுதான் நாங்க நெனச்ச. வெறுங்கையோட வந்தா ‘இண்டைக்கு மீன் படல்ல’ எண்டுவா” என்றார். பிறகு குரல் மாறியது. “இவ்வளவு ஆம்பிளையளோட கதைச்சிரிக்கா. ஊரு என்ன சொல்லும்? ஐடிய அழிக்கப் போறன்.”

“அழிச்சா ரெண்டு வருஷக் கடலும் போயிடும். இந்த அளவு வேற ஒருத்தர்ட்டயும் இல்ல.”

“அளவு மட்டும்தானா கதைச்ச?”

“இம்தியாஸ்ட மதிலப் பத்தியும் கதைச்ச. நீங்களே வாசிச்சுப் பாருங்க.”

போனை வைத்துவிட்டார். இரண்டு நாள் ஒவ்வொரு மணித்தியாலமும் அந்த ஐடி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் அவரே எடுத்தார். “உம்மாட உடுப்பெல்லாம் ஏழையளுக்கு சதக்கா குடுத்தாச்சி. செருப்பு வாசல்ல கிடக்கு. வாறயா?”

நேற்றுக் காலை போனோம். சிவா அண்ணன் பாண்டிருப்பிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்தார். நாங்கள் இருவரும் கைகொடுத்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

நான் நாலைந்து தடவை வைப்பதற்குள் மகன் செருப்பைப் பறித்தார். “கோணலா வெக்கிறீங்க. உம்மாட படத்த ஒழுங்காப் பாக்கல்லயா?” முழங்காலிட்டு, கிணறு வரைக்கும் அவரே அளந்தார். எல்லாப் படத்தையும் பார்த்திருக்கிறார்.

அவரே படமெடுத்து, உம்மாவின் ஐடியில் போட்டார்.

உம்மாவின் பெயரை மட்டும் எழுத வேண்டாம் என்றார். எனக்கு இப்போது தெரியும்... எழுதவில்லை. கோபம்தான். ஆனாலும் எழுதவில்லை.

இம்தியாஸ், உங்கட மதில் நிக்குது.

ராத்தா, நேற்று பதினொன்று. உங்கட செருப்பாலதான் அளந்த.

கடல் எட்டாத இடமாக அல்லாஹ் உங்களுக்குத் தரட்டும்.