தைலம்மாளின் ஹண்ட்ரட் பர்சன்ட்

பண்ருட்டி பஸ் ஸ்டாண்டு பக்கம் பலாப்பழம் வாங்குகிறவர்கள் கடைக்காரி தைலம்மாளின் வாயைப் பார்த்துத்தான் பையை விரிப்பார்கள். பழத்தைத் தட்டிப் பார்ப்பாள், முகர்ந்து பார்ப்பாள். "எடுத்துக்கிட்டுப் போ, நல்லாருக்கும்" என்றால் அது சும்மா வியாபாரப் பேச்சு. "ஹண்ட்ரட் பர்சன்ட்!" என்றாளோ, கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள் அந்த இங்கிலீஷை எங்கே பிடித்தாளோ, இருபது வருஷத்தில் ஒரு வெம்பிய பழத்துக்குக்கூட அதைச் சொன்னதில்லை.

போன வைகாசியில் முதுநகர் கலைமணி வந்தாள். வருஷா வருஷம் வருகிற வாடிக்கைக்காரி. இந்த முறை பழத்தைத் தொடவேயில்லை.

"அக்கா, எம்பொண்ணுக்கு ஒரு எடம் வந்துருக்கு. மாப்ள உங்க அண்ணன் மவன் ராஜ்கமலாமே. எப்டிக்கா?"

தைலம்மாள் கையிலிருந்த பழத்தைக் கீழே வைத்தாள். ராஜ்கமல் தங்கமான பிள்ளைதான், சாயங்காலம் வரைக்கும். அதற்கு மேல் தண்ணி உள்ளே போய்விட்டால் பெற்றவள் என்றும் பார்க்காமல் கை ஓங்குவான். வீட்டு ஆட்களுக்கு மட்டும் தெரிந்த சங்கதி. சொன்னால் அண்ணன் உறவு போச்சு. மறைத்தால் ஒரு பெண்ணின் வாழ்க்கையே போச்சு. என்னதான் செய்வாள் பாவம்!

"நல்ல பையந்தான். சொந்தமா லோடு ஆட்டோ ஓட்டுறான். கைநெறைய சம்பாரிக்கிறான்."

கலைமணி காத்திருந்தாள். "அவ்ளோதானாக்கா?"

"அவ்ளோதாம்மா." தைலம்மாள் ஈ விரட்டினாள்.

கலைமணி அவள் கையை ஒரு தரம் அழுத்திவிட்டு பஸ் ஏறினாள். சம்பந்தம் நின்றுபோனது.

மூன்றாம் நாள் அண்ணன் சபாபதி வந்து கடைத்தெரு அதிரக் கத்தினார். "கூடப் பொறந்தவளாடி நீ? எம்புள்ள வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டியே!"

"ஒரு வார்த்த தப்பா சொன்னேனாண்ணே? நல்ல பையன்னுதான சொன்னேன்."

"நீ வெறும் நல்லதுன்னு சொன்னா என்னா அர்த்தம்னு ஊருக்கே தெரியும்டி!"

அவர் போனபிறகு தைலம்மாள் அழுதாள். ஆனாலும் செய்ததில் அவளுக்கு வருத்தம் இல்லை. அண்ணன் கோபம் நாளானால் ஆறிவிடும் என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ராஜ்கமலே வந்து நின்றான். சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று நினைத்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டான்.

"நீ செஞ்சது சரிதான் அத்த. அந்தப் பொண்ணு தப்பிச்சிட்டா." தரையைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அஞ்சு வருஷமா நான் குடிக்கிறது உனக்குத் தெரியும். எங்கிட்ட ஒரு நாளாவது குடிக்காதடான்னு சொன்னியா?"

சொன்னதில்லை. அண்ணன் வருத்தப்படுவாரே என்று ஒரு நாளும் சொன்னதில்லை.