தேய்க்கும்போது தெரியும் குணம்

பாஜா நகரத்துப் பழைய சந்தைக்குப் பின்னால் இருக்கும் ஹம்மாம் என்ற பொது வெந்நீர்க் குளியல்கூடத்தில், மன்னூபியா பெண்களின் முதுகு தேய்க்க ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷமாகிறது. சொரசொரப்பான கையுறையை மாட்டிக்கொண்டு கல் மேடையில் ஒருத்தியைக் குப்புறப் படுக்கவைத்தால் போதும், பத்து நிமிஷத்தில் அவளுடைய குணத்தைச் சொல்லிவிடுவாள். யாரும் கேட்காவிட்டாலும் சொல்லுவாள்.

தோல் சிவந்து எரியும்போதும் "இன்னும் அழுத்தித் தேய்" என்பவளை, வீட்டில் யாரும் "வலிக்குதா?" என்று கேட்டிருக்க மாட்டார்கள். உருண்டு வரும் அழுக்கைப் பார்த்ததும் "முந்தாநாள்தான் குளிச்சேன்" என்று பதறுபவள், செய்யாத தப்புக்கும் மன்னிப்புக் கேட்டே வளர்ந்தவள். பக்கத்து மேடையின் அழுக்கை எட்டிப் பார்ப்பவளைப் பற்றி விளக்கவே வேண்டாம்.

தன்னைச் சுற்றி ஏழு வாளி நிறைத்து வைத்துக்கொண்டு, ஒரு குவளை கேட்டால் முறைக்கிறவர்களும் உண்டு. அப்படி ஒருத்தியை மற்றவர்கள் கஞ்சம் என்று திட்டினார்கள். "கஞ்சம் இல்லடி, பயம். எட்டுப் பொண்ணுங்க இருந்த வீட்ல கடைசியாக் குளிச்சவ" என்றாள் மன்னூபியா. வாராவாரம் அவளிடம் ஒரு குவளை கடன் வாங்கி இரண்டாகத் திருப்பிக் கொடுத்தாள். மூன்று மாதத்தில் வாளிகள் ஏழிலிருந்து நாலாயின. நாலுக்குக் கீழே இறங்கவில்லை. "அது போதும். மனுஷங்களைத் தேய்க்கலாம், உரிக்கக் கூடாது" என்பாள்.

ஊரில் மருமகள் தேடும் அம்மாக்கள் எல்லாரும் இவளிடம்தான் வருவார்கள். பெண்ணைக் குளிக்க அழைத்து வந்து, "கோவக்காரியா, பொறுமைசாலியா? பாத்துச் சொல்லு மன்னூபியா" என்று காதில் ஓதுவார்கள். இவள் பாத்திரம் நிறைய குளிர்ந்த தண்ணீரைத் தவறிப்போய் ஊற்றுவது போல ஊற்றிவிட்டு, அந்தப் பெண் என்ன வார்த்தை சொல்கிறாள் என்று கேட்பாள்.

நாற்பத்தெட்டு வயதில், சோதிக்கப்படும் முறை அவளுக்கே வந்தது.

சுவருக்கு அந்தப்பக்கம் உலையில் விறகு போடுகிறவன் தாஹர், மனைவியை இழந்தவன். வெப்பம் குறைந்தால் மன்னூபியா மரவாளியால் சுவரைத் தட்டிக் கத்துவாள்: "தூங்கறியா, செத்தியா?" அவன் புகைத்துளை வழியாக, "செத்தா நீ அழுவியா?" என்பான். ஐந்து வருஷம் இப்படியே போய், போன வாரம் அந்தத் துளை வழியாகவே கல்யாணப் பேச்சு வந்தது. கூடவே ஒரு எச்சரிக்கையும் வந்தது.

"வியாழக்கிழமை தெஸ்தூர்லேருந்து என் அக்கா ஹனியா வர்றா. சும்மா குளிக்கிற மாதிரி வந்து உன்னப் பாப்பா. அவ சரின்னா எனக்குச் சரி. நான் சொன்னேன்னு காட்டிக்காத."

"ஆளு எப்படி?"

"கறாரு. சின்ன வயசுல நான் அவளுக்குப் பயந்து அத்தி மரத்துல ஏறி உக்காந்திருக்கேன்."

இது போதாதா மன்னூபியாவுக்கு? வியாழக்கிழமை வெள்ளிக் கிண்ணமும் புது மரச்செருப்புமாக ஒரு பருத்த அம்மாள் நுழைந்து, "இங்க தரையைக் கழுவறதே இல்லையா?" என்று கேட்டதுமே முடிவு செய்துவிட்டாள். இவள்தான் அக்கா.

அன்று மன்னூபியா தேனாக ஒழுகினாள். "வாங்க லல்லா, உக்காருங்க லல்லா" என்று சீமாட்டிகளை அழைக்கும் மரியாதையோடு நல்ல மேடையைக் கொடுத்தாள். தண்ணீர் சூடு என்றால் குளிரவைத்தாள், குளிர் என்றால் சுடவைத்தாள். தலைக்குப் பன்னீர் கலந்த களிமண் பூசினாள். மூலையில் பிளாஸ்டிக் வாளியோடு ஒரு ஒல்லியான பெண் முறைக்காகக் காத்திருந்தாள். அவளுக்குப் பின்னால் வந்த மூன்று பேரைக் கூப்பிட்டாகிவிட்டது.

"கொஞ்சம் நகந்து உக்காரும்மா, வழியில தூண் மாதிரி!" என்று அவளை அதட்டிவிட்டு, பருத்த அம்மாளிடம் குனிந்து ரகசியக் குரலில், ஆனால் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "பாத்தீங்களா லல்லா? இது வாயத் தொறந்து 'என் முறை'ன்னு சொல்லத் தெரியாத வகை. வீட்லயும் எல்லாரும் மிதிச்சுட்டுத்தான் போவாங்க."

பிறகு பொறுமை தாங்காமல் தானே ஆரம்பித்தாள். "உங்க தம்பியப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"எந்தத் தம்பி? எனக்குத் தம்பியே கிடையாது. கல்யாணத்துக்கு வந்தேன், சாயங்காலம் பஸ். முழங்காலத் தேய்."

மூலையிலிருந்து குரல் வந்தது. "தம்பி எனக்குத்தான் இருக்கான். அத்தி மரம் ஏறுவான்."

ஹம்மாம் முழுக்கச் சிரித்தது. பக்கத்து மேடையை எட்டிப் பார்க்கும் வகைக்காரி ஒருத்தி சிரித்த சிரிப்பில் வழுக்கி விழப் போனாள். மன்னூபியா மட்டும் கையுறையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இருபத்திரண்டு வருஷப் பேர் ஒரு பக்கம், தாஹர் ஒரு பக்கம், இரண்டும் சாக்கடை வழியே போய்க்கொண்டிருந்தன.

ஹனியா எழுந்து வந்து மேடையில் படுத்தாள். "இப்பவாவது என் முறையா?"

மன்னூபியா தேய்க்க ஆரம்பித்தாள். பேசினால் வம்பு. பேசாமலிருந்தால் நடிப்பு என்பாள். கடைசியில் கேட்டே விட்டாள்.

"வந்ததுமே சொல்லியிருக்கலாமே அக்கா?"

"சொல்லியிருந்தா அந்தப் பன்னீர் எனக்குக் கெடச்சிருக்கும். பன்னீர் மன்னூபியாவையா என் தம்பி வீட்டுக்குக் கூட்டிட்டு வரப்போறான்?"

"நான் எந்த வகைன்னு சொல்லிடுங்க. மத்தவங்களுக்கு நான் சொன்னேன்ல."

"பெரிய மனுஷின்னா வளையற வகை. சின்ன மனுஷின்னா வெரட்டற வகை. அது அசிங்கம்" என்றாள் ஹனியா, முகத்தைத் திருப்பாமலே.

மன்னூபியாவின் கை நின்றது. "ஆமா" என்றாள்.

ஹனியா தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். "ஆமான்னு ஒத்துக்கிட்டியே. என் தம்பி தன் தப்புக்கு ஒரு ஆமா சொல்ல நாப்பது வருஷம் ஆச்சு." மறுபடி படுத்துக்கொண்டாள். "நாளைக்கு மத்தியானம் தம்பி வீட்ல குஸ்குஸ் செய்யறேன், வா. ஒரு நிபந்தனை. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் யாரையும் வகை பிரிக்கக் கூடாது."

"சரிக்கா."

ஹனியாவின் தோள் கல்லாக இறுகியிருந்தது. எல்லாவற்றையும் தானே சுமந்து, உதவி கேட்கவே தெரியாதவர்களுக்குத்தான் தோள் இப்படி இறுகும். மன்னூபியா வாயைத் திறந்தாள். மூடினாள். மறுபடி திறந்தாள்.

"அக்கா, நிபந்தனை நாளைக்குத்தானே?"