மேகம் இறங்கிய நாளிலும் பூசிக்கொள்கிறேன்

முதலில் கன்னம்தான் சிவந்தது. இரண்டு கன்னமும் மூக்குத்தண்டும் சேர்ந்து சிவந்தன. எண்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். ஏற்காடு ஏரிக்குப் போகும் சாலையோரத்தில் நானும் என் கணவர் ராசுவும் பழக்கடை வைத்திருந்தோம். சீசனில் காலை முதல் பொழுது சாயும்வரை வெயிலில்தான் நிற்பேன். எல்லோரும் வெயிலில் கறுப்பார்கள், நான் சிவக்கிறேனே என்று சிரித்துக்கொண்டேன்.

ஜூனில் விரல் மூட்டுகள் வீங்கின. பலாப்பழத்தைப் பிளக்கிற கையால் கொய்யா நறுக்க முடியவில்லை. காய்ச்சல் வந்து வந்து போனது. சீப்போடு முடி கொத்தாக வந்தது.

உங்களில் சிலருக்கும் இப்படி ஆகியிருக்கும். அதனால்தான் எழுதுகிறேன். என்ன மாத்திரை, எத்தனை என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இந்த முகத்தை வைத்துக்கொண்டு கடைத்தெருவில் எப்படி நிற்பது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அதை நான் சொல்கிறேன்.

சேலத்துத் தோல் டாக்டர் அம்மா, இரத்தமும் சிறுநீரும் சோதித்துவிட்டு, லூபஸ் (நம்மைக் காக்கவேண்டிய எதிர்ப்புச் சக்தி நம் உடம்பையே தாக்கும் நோய்) என்றார்.

“வெயில் உனக்கு ஆகவே ஆகாதும்மா. கடைய வுட்டுட்டு ஊட்டோட இருக்க முடியுமா?”

“ஊட்டுக்குள்ள ஒக்காந்தா நோவப் பாக்கறதே வேலையாப் போயிருமுங்க. நான் கடைல நிக்கோணுங்க. அதுக்கு ஒரு வழி சொல்லுங்க.”

அவர் மருந்துச் சீட்டை எடுத்தார். எழுதிக்கொண்டே வழி சொன்னார். ஸ்டீராய்டு (வீக்கத்தை அடக்கும் மருந்து), மலேரியாவுக்குக் கொடுக்கும் ஒரு மாத்திரை, முழுக்கை ரவிக்கை, கடைக்கு மேல் தார்ப்பாய், முகத்துக்கும் கழுத்துக்கும் கைக்கும் வெயிலைத் தடுக்கும் துத்தநாகக் களிம்பு.

அந்தக் களிம்பு என் கறுத்த தோலில் சுண்ணாம்பு அடித்த மாதிரி நின்றது. எவ்வளவு தேய்த்தாலும் போகவில்லை. பூசிக்கொண்டு நின்ற முதல் ஞாயிற்றுக்கிழமை, சேலத்திலிருந்து வந்த ஒரு பெண் தன் குழந்தையின் கையைக் கொய்யாக் கூடையிலிருந்து இழுத்தாள். “தொடாத கண்ணு.” பிறகு என் கணவரிடம் திரும்பினாள். “ஏனுங்க, அந்தம்மாவுக்கு இருக்கறது ஒட்டுமுங்களா?”

அவர் பக்கத்தில்தான் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“என்னையக் கேளுங்க. எனக்கு வாய் இருக்குதுங்க. இது மருந்து. ஒட்டாதுங்க” என்றேன்.

வீறாப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, மத்தியானம் கடைக்குப் பின்னால் போய் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழுதேன். அதையும் மறைக்க விரும்பவில்லை. அவமானமாக இருந்தது. அடுத்த வாரமே கண்ணுக்குத் தெரியாத களிம்பைத் தேடிச் சேலத்துக்கு பஸ் ஏறினேன்.

மருந்துக் கடைக்காரர் வேறு ஒரு டப்பாவை எடுத்து நீட்டினார். “இதைப் போடுங்க. நல்லா கலரா ஆயிருவீங்க.”

“என் கலர் எனக்குப் போதுமுங்க. வெயிலத் தடுக்கோணும், பூசினது தெரியக் கூடாது. அது மாதிரி இருந்தாக் குடுங்க.”

அன்று ஒரு களிம்புக் குழாய் வாங்கினேன். கடையின் டியூப்லைட்டில் பூசிப் பார்த்தபோது தெரியவில்லை. வெளியே வந்தால் கை நீலச் சாம்பலாக இருந்தது. அதன் பிறகு கடைப்படியில் இறங்கி, பகல் வெளிச்சத்தில் தாடை ஓரம் பூசிப் பார்க்காமல் எதையும் வாங்கியதில்லை. கடைக்காரர் முணுமுணுப்பார். முணுமுணுக்கட்டும்.

மூன்றாவது பயணத்தில் கிடைத்தது. பம்பாயிலிருந்து வந்த சின்னக் குழாய். தோல் வெந்துபோகாமல் எவ்வளவு தடுக்கும் என்பதைக் காட்டும் எண், அதில் மற்றவற்றைவிடப் பெரிதாக இருந்தது. தேய்த்தேன். ஐம்பது எண்ணுவதற்குள் காணாமல் போனது. கடைக் கண்ணாடியில் என் பழைய முகம் தெரிந்தது. அப்படி ஒரு சந்தோஷம் எனக்குக் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

அங்கேதான் தப்பு செய்தேன். அந்தக் குழாய் எப்போதாவதுதான் வரும். ஆகவே சிக்கனம் பிடித்தேன். மலைக்காரர்களுக்கு வெயில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழி உண்டு. களத்தில் காப்பிக்கொட்டை காய்ந்தால் வெயில். காயாவிட்டால் வெயில் இல்லை. ஐப்பசி, கார்த்திகையில் மேகம் சாலைவரை இறங்கிவிடும். துவைத்த சேலை மூன்று நாளானாலும் ஈரமாகவே கிடக்கும். பக்கத்தில் சோளக்கதிர் சுட்டு விற்கும் பாவாயி சொல்வாள், “மேகம் எறங்கிக் கெடக்குது. எதுக்குப் புள்ள அந்தக் களிம்ப வீணாக்கற?” எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. மேகம் இறங்கிய நாளில் பூசவில்லை. தார்ப்பாயை விட்டு வெளியே வந்து முக்காலி போட்டு உட்கார்ந்தேன். வெயில் நாளிலும் பட்டாணி அளவுதான் பூசினேன்.

தை பிறந்ததும் கால் வீங்கியது. சிறுநீர் நுரைத்தது. சிறுநீரில் புரதம் இறங்குகிறது (சிறுநீரகத்தின் வடிகட்டி பழுதாகிவிட்டதன் அடையாளம்) என்றார்கள். மூன்று வாரம் சேலத்தில் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தேன்.

டாக்டர் அம்மா குழாயை வாங்கிப் பார்த்தார். பாதிக்கு மேல் இருந்தது.

“எப்பம்மா வாங்கின?”

“ஆடி மாசமுங்க. மேகம் எறங்குன நாள்ல பூசறதில்லீங்க.”

“இது ஒரு மாசத்துக்குக்கூடக் காணாதே. மேகம் சூட்டத்தான் கொறைக்கும். தோலுக்கு ஆகாத கதிரு அதுக்குள்ளயும் பூந்து வந்துரும். தெரியாம பூசணும்னு நெனச்சு, நீ பூசாமலே இருந்திருக்க.”

அது மட்டுமே காரணம் என்று அவர் சொல்லவில்லை. இந்த நோய் தானாகவும் சிறுநீரகத்துக்குப் போகுமாம். ஆனால் கதவைத் திறந்து வைத்தது நான்தான்.

மருந்தின் அளவைக் கூட்டியதில் முகம் பூசணிக்காயாக ஊதியது. ராசு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, “கடையக் குடுத்தர்லாம் புள்ள” என்றார்.

“குடுத்துட்டு?”

அவர் என் வீங்கிய காலைத் தடவிக் கொடுத்தார்.

“தார்ப்பாயி பத்தாதுங்க. மூணு பக்கமும் தட்டி கட்டி, கூரைய முன்னால நல்லா எறக்கிப் போடுங்க. நான் வாரேன்.”

மாசியில் கடைக்குத் திரும்பினேன். மீதிக் குழாய் சில நாளில் தீர்ந்துபோனது. அடுத்த பம்பாய்க் குழாய் வரும்வரை பழைய வெள்ளைக் களிம்புதான். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பூச வேண்டும். என்னிடம் கடிகாரம் இல்லை. சேலம் பஸ்களை வைத்துக் கணக்குப் போட்டேன். ஒன்பது மணி பஸ், பதினோரு மணி பஸ், ஒரு மணி பஸ், மூன்று மணி பஸ். ஆட்கள் இறங்கி நடந்து வரும் நேரம் பார்த்து, அவர்கள் எதிரிலேயே டப்பாவைத் திறந்தேன். கடைக்குப் பின்னால் போகவில்லை. இரண்டு விரலை நீட்டி, அவற்றின் நீளத்துக்குக் களிம்பை எடுத்து முகத்துக்கும் கழுத்துக்கும் அப்பினேன். கைக்குத் தனியாக எடுத்தேன். முறைத்தவர்களை நானும் முறைத்தேன். நாலு பேர் அடுத்த கடைக்குப் போனார்கள். போகட்டும்.

ஒருநாள் பதினோரு மணி பஸ்ஸிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். அந்த வெக்கையிலும் முந்தானையால் கன்னத்தை மூடியிருந்தாள். மற்றவர்கள் ஏரிக்குப் போனதும் என்னிடம் வந்து முந்தானையை விலக்கினாள். அதே சிவப்பு.

“ஏனுங்கக்கா, மூஞ்சில என்னுங்க பூசியிருக்கறீங்க? எந்த டாக்டருங்க?”

டாக்டர் அம்மா எழுதிக் கொடுத்த சீட்டையே எடுத்துக் காட்டினேன். கண்ணுக்குத் தெரியாத களிம்பைப் பூசியிருந்தால் அவள் என்னைக் கண்டுபிடித்திருக்க மாட்டாள்.

இதை நான் எழுதுவது தொண்ணூறுகளின் கடைசியில். நல்ல குழாய்கள் இப்போது சேலத்தில் தாராளமாகக் கிடைக்கின்றன. பெரிய எண்ணாகப் பாருங்கள். தோலைச் சுடும் கதிர், ஆழத்தில் இறங்கும் கதிர் இரண்டையும் தடுக்குமா என்று கேளுங்கள். உங்கள் நிறத்தில், பகலில், தாடையில் பூசிப் பாருங்கள். தெரியாமல் போனால் நல்லது. தாராளமாகப் பூசியும் தெரியாமல் போக வேண்டும், அவ்வளவுதான். எனக்கும் முகம் சுத்தமாக இருப்பது பிடிக்கும். “உனக்குத்தான் நல்லாயிருச்சே” என்பவர்களிடம், இல்லைங்க என்று சொல்லிவிடுகிறேன். இந்த நோய் என்னை விட்டுப் போகாது. நானும் இந்த இடத்தை விட்டுப் போகமாட்டேன்.

முன்பெல்லாம் என் நாள் விடிந்து சாயும். இப்போது பஸ்ஸுக்கு பஸ் நகர்கிறது. உடம்பும் அதற்குப் பழகிவிட்டது. நேரமானால் கன்னமே கேட்கும்.

இன்று மேகம் இறங்கியிருக்கிறது. எதிரே ஏரியைக் காணோம். பாவாயியின் கரியடுப்பு மட்டும் சிவப்பாகத் தெரிகிறது. வளைவில் ஹாரன் அடித்தது. பஸ் கண்ணில் படவில்லை.

“பதனோரு மணி வண்டி வந்துருச்சு, பூசு புள்ள” என்கிறாள் பாவாயி.

அதற்குள் குழாயைத் திறந்து இரண்டு விரலை நீட்டிவிட்டேன்.