சுண்ணாம்பு விழுந்த இடம்

1971 ஜூன் 12, சனிக்கிழமை. பள்ளி திறக்க இன்னும் இரண்டு நாள் இருந்தது. காலை ஐந்தரைக்குக் குழாயில் தண்ணீர் வந்தது. நான்கு குடம் பிடித்தேன். ஆறேகாலுக்கு அப்பா சைக்கிளில் முதல் ஷிப்டுக்குப் போனார். எட்டு மணிக்கு, சித்தப்பா ஆட்டத்தில் காலில் கட்டும் பேடுகளுக்கு வெள்ளை பூச உட்கார்ந்தேன்.

ஆவடியில் எங்கள் தொழிற்சாலை ஹாக்கி அணிக்குச் சித்தப்பாதான் கோல்கீப்பர். ஆட்டத்துக்காகவே வேலையில் எடுக்கப்பட்டவர். வயது முப்பத்தாறு. அன்று மாலை ஆட்டத்தில் ஒரு கோல் விட்டாலும் இனிப் புதுப் பையன்தான் நிற்பான் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். அது எனக்கும் தெரியும். அதனால்தான் பேடுகள் பளிச்சென்று இருக்கவேண்டும் என்று நினைத்தேன். பாலிஷ் டப்பா காலி. பக்கத்து வீட்டில் வெள்ளையடித்து மீந்த சுண்ணாம்பைக் குழைத்து மூன்று பூச்சு பூசி வெயிலில் காயவைத்தேன்.

மாலையில் கட்டிப் பார்த்த சித்தப்பா, "இன்னாம்மே இது, செவுத்தைத் தூக்கிக் கால்ல கட்டிக்கினா மாதிரி கீது!" என்றார். கழுவ நேரமில்லை.

எதிரணியில் பாதித் தலை வழுக்கையான ஒருவர் முன்வரிசையில் லெஃப்ட் இன்னாக ஆடினார். அவர் பந்தை மட்டையோடு ஒட்டவைத்துக்கொண்டு போவதைப் பார்க்கவே அண்ணனூரிலிருந்தும் திருமுல்லைவாயிலிலிருந்தும் சைக்கிள்கள் வரும். செயற்கைப் புல்லில் ஆடுகிற இன்றைய பிள்ளைகளையும் நான் விடாமல் பார்க்கிறேன். வேகம் இருக்கிறது. எங்கள் செம்மண்ணில், கல்லில் பட்டு எகிறும் பந்தை அவரைப்போல அடக்கிக் காட்டட்டும், பிறகு பேசலாம்.

ஆட்டம் முடிய நான்கு நிமிடம் இருந்தபோது அவர் அடித்தார். சித்தப்பா இடது காலை நீட்டினார். பேடில் பட்ட பந்து வெளியே தெறித்தது. பந்து கோட்டைத் தாண்டிய பிறகுதான் காலில் பட்டது என்று, தூரத்தில் நின்ற நடுவர் விசில் ஊதிக் கோல் கொடுத்துவிட்டார்.

கோல் கம்பத்துக்குப் பின்னால் நின்ற நான் உள்ளே ஓடினேன். பந்து பட்ட வேகத்தில் பேடிலிருந்து உள்ளங்கை அகலத்துக்குச் சுண்ணாம்புப் பொருக்கு பெயர்ந்து தரையில் கிடந்தது. கோட்டுக்கு முன்னால், ஒரு சாண் தள்ளி. அதன் இரு பக்கமும் கால் வைத்து நின்றுகொண்டேன்.

"கோல் இல்ல! சுண்ணாம்பு இங்க கீது பாருங்க!"

கூட்டம் சிரித்தது. "அண்ணாத்தே, புது அம்பயர் பாவாடை கட்டிக்கினு வந்துகீது!" என்று ஒருவன் கத்தினான். நடுவர் போகச் சொன்னார். நான் நகரவில்லை. அந்த லெஃப்ட் இன் அருகில் வந்து குனிந்து பார்த்தார்.

"இன்னா நைனா, உன் ஊட்டுப் பொண்ணா? நம்ம ரெண்டு பேரை வுட இதுக்குக் கண்ணு நல்லா கீதே!"

சித்தப்பா என்னைத் தூக்கி ஓரமாக நிறுத்தினார். பிறகு அந்தப் பொருக்கைக் காலாலேயே தேய்த்து மண்ணோடு மண்ணாக்கினார்.

"அம்பயர் சொல்லிட்டார்ல, கோல்தான். போ."

ஒன்றுக்குப் பூஜ்யம். தோற்றோம். ஆட்டம் முடிந்ததும் அந்த வழுக்கைத் தலைக்காரரும் சித்தப்பாவும் ஒரே சோடாவை மாற்றி மாற்றிக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவரோடு எப்படிச் சிரிக்க முடிகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வீடு வரைக்கும் சித்தப்பாவுக்குப் பத்தடி முன்னாலேயே நடந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆண்டு இரண்டு அணிகளின் பட்டியலிலும் அவர்கள் பெயர் வரவில்லை. ஒருவர் லேத் வேலைக்குத் திரும்பினார், மற்றவர் ஸ்டோர் வேலைக்கு. கோல் விழுந்தாலும் விழாவிட்டாலும் அதுதான் தங்கள் கடைசி ஆட்டம் என்பது அந்தச் சோடாவைக் குடிக்கும்போதே இருவருக்கும் தெரிந்திருக்கிறது. பத்து வயதில் எனக்கு அது புரியவில்லை. இப்போது புரிகிறது. ஆனாலும் அது கோல் இல்லை. யார் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மறுநாள் காலை எழுந்ததும், பல்லைக்கூடத் துலக்காமல், கணக்கு நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, 'பந்து கோட்டைத் தாண்டவில்லை. ஒரு சாண் இடைவெளி. நான் பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பழைய சோற்றில் நாலு பருக்கை எடுத்துக்கொண்டு மைதானத்துக்கு ஓடி, ஸ்கோர் எழுதியிருந்த பலகையில் அந்த ஒன்றின் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.