இடது பக்க ஜன்னல்

வார்டில் யார் வந்து படுத்தாலும் சிஸ்டர் முதலில் அவரைப் புரட்டிப் பார்ப்பாள். முதுகில் புண் இருக்கிறதா, குதிகால் கன்றியிருக்கிறதா, எல்லாவற்றையும் எழுதிய பிறகுதான் போர்வை. வரும்போதே இருந்ததை வந்த பிறகு வந்ததாகச் சொல்லிவிடுவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. அப்படிக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கிறவள், ஆறு வருஷத்துக்கு முன் இந்த மூன்றாம் மாடிக்குக் குடிவந்த அன்று, வீட்டு ஏஜென்ட் நீட்டிய நிலவரத் தாளைப் படிக்காமலே கையெழுத்துப் போட்டாள். சுவர், தரை, சமையல் மேடை என்று வரிசையாக எழுதி, எல்லாவற்றுக்கும் நேரே ‘நன்று’ போட்டிருந்த தாள். அன்று சேர்ந்தாற்போல் இரண்டு ஷிஃப்ட் பார்த்த களைப்பு. களைப்பு என்றால் யாராவது விட்டுவிடுவார்களா?

விடவில்லை. காலி செய்யும் நேரத்தில் அதே ஏஜென்ட் அதே தாளோடு வந்து நின்றான். படுக்கையறைச் சுவர் ஈரத்தில் பொருமியிருக்கிறது, சமையல் மேடை விளிம்பு உடைந்திருக்கிறது என்று எழுதிக்கொண்டான்.

“ரெண்டும் நாங்க வரும்போதே இருந்துச்சு தம்பி.”

“கையெழுத்து உங்களோடதுதானே சிஸ்டர்? அதுல நன்றுன்னுதானே இருக்கு? வீட்டைப் பாழாக்கிட்டாங்கன்னு எழுதறதைத் தவிர எனக்கு வேற வழி இல்ல.”

எழுதினால் போச்சு. மூட்டு ஆபரேஷன் ஆன கணவர் குளியலறையில் வழுக்கி விழுந்ததிலிருந்து, நாலு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தவிர படியிறங்கவில்லை. அலைந்து திரிந்து தரைத்தளத்தில் ஒரு வீடு பிடித்திருக்கிறாள். அந்த வீட்டுக்கார அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: பழைய வீட்டை எப்படி வைத்திருந்தார்கள் என்று ஏஜென்ட் கைப்பட ஒரு கடிதம். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் வீடு வேறு ஆளுக்கு.

“விடு, நான் பறந்து இறங்கிக்கறேன்” என்றார் நாற்காலியில் இருந்த கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. தன்னையே அறைந்துகொள்ளலாம் போலிருந்தது.

வாயை ஒரேயடியாக அடைத்துவிடலாம் என்று நினைத்தானோ என்னவோ, ஏஜென்ட் போனில் பழைய படங்களை எடுத்துக் காட்டினான். வழவழவென்று சுவர். அப்பழுக்கில்லாத மேடை. சிஸ்டர் போனைக் கையில் வாங்கினாள். இடதா வலதா என்று மூன்று தடவை பார்க்காமல் யாரையும் ஆபரேஷனுக்கு அனுப்பாதவள் அவள்.

“தம்பி, இப்படி வாசல்ல நில்லுங்க. இந்த ரூம்ல ஜன்னல் எந்தப் பக்கம்?”

“வலது பக்கம்.”

“போட்டோல?”

இடது பக்கம் இருந்தது. “படம் திரும்பியிருக்கும் சிஸ்டர்.”

“படம் திரும்பினா ஸ்விட்ச் போர்டுல இருக்கற கம்பெனி பேரும் திரும்பணுமே. அது நேராத்தானே இருக்கு?”

சிஸ்டர் அவனையும் அழைத்துக்கொண்டு நேரே போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் சோப்பு நுரையோடு வந்த எதிர்வீட்டு அக்கா, ஜன்னலைப் பார்க்க இரண்டு பேர் வந்திருக்கிறார்கள் என்றதும் திருதிருவென்று விழித்து வழிவிட்டாள். படுக்கையறையில் ஜன்னல் இடது பக்கம். வழவழவென்று சுவர். படத்தில் இருந்த அதே ஸ்விட்ச் போர்டு.

“அன்னிக்கு ரெண்டு வீடும் காலி” என்று மென்று விழுங்கினான் ஏஜென்ட். “ஒண்ணைத்தான் எடுத்திருக்கேன் போல.” ஒரு வீட்டைப் பார்த்து இரண்டு வீட்டுக்கு நன்று போட்ட புண்ணியவான்! திரும்பி வந்ததும் எழுதிய சுவரையும் மேடையையும் அவனே பேனாவால் அடித்துவிட்டான். விட்டால் போதும் என்று பையைத் தூக்கினான்.

அப்போதுதான் சிஸ்டருக்கு நெஞ்சு உறுத்தியது. அவன் குளியலறையைச் சரியாகப் பார்க்கவில்லை. கணவர் நாற்காலியில் இருந்தபடியே ‘வேண்டாம்’ என்று கண்ணைக் காட்டினார். கடிதம் கை நழுவினாலும் நழுவும் என்று அவளுக்கும் பயம்தான். ஆனாலும் சொல்லிவிட்டாள்.

“குளியலறைல ஒரு டைல்ஸ் உடைஞ்சிருக்கு தம்பி. அது மட்டும் எங்களோடது. இவரு விழுந்தப்போ ஸ்டூல் பட்டுடுச்சு. மாத்திக் குடுத்துடறோம்.”

ஏஜென்ட் அதையும் எழுதிக்கொண்டு போனான். கணவர் தலையில் அடித்துக்கொண்டார்.

கடிதம் வெள்ளிக்கிழமை காலையில்தான் கைக்கு வந்தது. உறை ஒட்டியிருந்ததால் பிரிக்கவும் மனசில்லாமல் அப்படியே கொண்டுபோய்க் கொடுத்தாள். தரைத்தளத்து வீட்டுக்கார அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாய்விட்டே படித்தாள்: “வீட்டை நல்லபடியாக வைத்திருந்தார்கள். குளியலறையில் ஒரு டைல்ஸ் உடைந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. அவர்களே சொன்னார்கள்.”

அந்த அம்மா கண்ணாடிக்கு மேலாக சிஸ்டரைப் பார்த்தாள்.

“எப்படி உடைஞ்சுது?”

“என் வீட்டுக்காரர் வழுக்கி விழுந்துட்டாரும்மா.”

அந்த அம்மா கடிதத்தை மடித்து வைத்தாள். “அப்படின்னா குளியலறைல பிடிச்சுக்க ஒரு கம்பி போட்டுடறேன். எவ்வளவு உயரத்துல வேணும்னு அவரையே வந்து சொல்லச் சொல்லு.”

எத்தனையோ பேருக்குத் தைரியம் சொன்னவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்:

“இன்னிக்கே கூட்டிட்டு வரட்டுமா?”