பிளஷ் டேங்க்கில் கேசரி பவுடர்

எங்க வீட்டு டாய்லெட்ல ராப்பகலா தண்ணி ஒழுகுற சத்தம். எங்கேருந்துன்னுதான் தெரியல.

"பிளஷ் டேங்க்ல கலர் போட்டுப் பாருங்க, லீக் இருந்தா கீழ கோப்பையில கலர் இறங்கும்"னு ஒரு வீடியோல சொன்னாங்க. எனக்கு ஆர்வம் தாங்கல. இன்னிக்குக் காலையில சிவப்புக் கேசரி பவுடரை டேங்க்ல கொட்டிட்டு, யார்கிட்டயும் சொல்லாம சமைக்கப் போயிட்டேன்.

கொஞ்ச நேரத்துல டாய்லெட்லேருந்து வந்த மாமனார் சட்டையை மாட்டிக்கிட்டாரு. பீரோ சாவியை மாமியார் கையில குடுத்து, "கதிர்காமம் ஆஸ்பத்திரிக்குப் போறேன். ரத்தமா போவுது"ன்னாரு.

ஓடிப்போய் விஷயத்தைச் சொன்னேன். "அட, கேசரியா!"ன்னு அப்படியே சேர்ல உட்கார்ந்துட்டாரு.

டேங்க்தான் லீக், உறுதி ஆயிடுச்சு. பிளம்பர் சாயங்காலம் வர்றாரு.

சாவியைத்தான் மாமியார் திருப்பித் தர மாட்டேங்கிறாங்க. "குடுத்தது குடுத்ததுதான்"ங்கிறாங்க.

நீங்க யார் பக்கம்?